கடுகண்ணாவை ஏற்றமும் ஆளுநர் வார்ட்டின் கணக்கும்

கொழும்பில் இருந்து கண்டிக்குப் போகும் ரயில் ரம்புக்கனையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து கதவுப் பக்கம் வருவார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. 45 அடி போனால் ஒரு அடி உயரம் என்ற கணக்கில் ஏறிக்கொண்டே போகும் பாதை, கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,700 அடி உயரத்தில் உள்ள கடுகண்ணாவையில்தான் ஆறுதலடையும். நீராவிக் காலத்தில் பாரமான வண்டிகளை ஒரு என்ஜினால் தனியே இழுத்து ஏற்ற முடியாது. ரம்புக்கனையில் இன்னொரு என்ஜினையும் பூட்டித்தான் அனுப்புவார்கள்.

இந்த வருடம் நான் மூன்று தடவை அந்த நிலையத்தில் இறங்கினேன். சுற்றுலாவுக்காகப் போகவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் சித்திக்காகப் போனேன்.

சித்தப்பாவை 2009இல் இழந்த பிறகு சித்தி இரண்டு பிள்ளைகளோடு கனடா போனவர். ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார். கையில் மிஞ்சிய 15,000 டொலரை ஊருக்கு ஏதாவது பயன்படுகிற மாதிரிப் போடவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கோயிலுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இந்த முறை ஒரு ஸ்டார்ட்அப் கம்பனியில் போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த மூன்று தமிழ்ப் பிள்ளைகள், வாடகை குறைவு என்பதால் கடுகண்ணாவையில் ஒரு வீட்டை எடுத்து, தோட்டக் கிணற்று மோட்டரைத் தொலைபேசியில் இருந்தே இயக்கும் கருவி ஒன்றைச் செய்கிறார்கள். மண்ணின் ஈரத்தையும் அது அளக்கும். வன்னியில் மிளகாயும் வெங்காயமும் செய்கிறவர்களுக்கு விற்பதுதான் திட்டம். பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கு எல்லாம் விளங்கும் என்று சித்தி நம்புகிறார். போய்ப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்று சொல்லும்படி கேட்டார்.

முதல் தடவை போனபோது அவர்கள் வர இரண்டு மணிநேரம் பிந்தியது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய ரயில்வே நூதனசாலைக்குள் போய்ப் பொழுதைப் போக்கினேன். இலங்கையில் முதல் ரயில் ஓடி 150 வருடம் நிறைவடைந்த 2014 டிசம்பர் 27ஆம் திகதி திறந்த இடம் அது. பழைய என்ஜின்களைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, சித்தியின் கேள்வியே எனக்குள் வேறு உருவத்தில் வந்தது. இந்த மலையில் ரயில் ஏறும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லாத காலத்தில், பணத்தைப் போடலாம் என்று முடிவெடுத்தவர் யார்? எதைப் பார்த்து முடிவெடுத்தார்?

அந்தக் கேள்வி என்னை ஒரு பழைய ஆளுநரிடம் கொண்டுபோய் விட்டது.

வீதிப் பெயராக மட்டும் தெரிந்த மனிதர்

சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வராது. ஆனால் பெயர் தெரியும். கொழும்பில் கண் ஆஸ்பத்திரிச் சந்தியில் இருந்து பொரளைப் பக்கம் போகும் வார்ட் பிளேஸில், டொக்டரைப் பார்க்க வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கண்டியில் இன்று தலதா வீதி என்று அழைக்கப்படும் வீதியும் முன்னர் வார்ட் வீதிதான். 1855 மே மாதம் முதல் 1860 ஜூன் வரை இலங்கையை ஆண்டவர். இந்த நாட்டின் முதல் தபால் முத்திரை 1857இல் வந்ததும், தந்திக் கம்பி 1858இல் ஓடியதும் அவருடைய காலத்தில்தான். கண்டி ரயில் பாதைக்கு முதல் மண் வெட்டியவரும் அவரே.

புதிய தொழில்நுட்பத்தில் பணம் போடுவது எப்படி என்ற கேள்வி அவருடைய வாழ்க்கையில் ஒரு தடவை மட்டும் வரவில்லை. இளவயதில் வெள்ளிச் சுரங்கத்தின் உருவில் வந்தது. முதுமையில் ரயிலின் உருவில் வந்தது. நடுவில், கணக்குகளில் மனிதர்களை எங்கே வைப்பது என்ற கேள்வியும் வந்தது. அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடுகண்ணாவை ஏற்றம் விளங்கும்.

மெக்சிக்கோவின் வெள்ளி

வார்ட் 1797 பெப்ரவரி 27ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை ரொபர்ட் பிளமர் வார்ட் அரசியல்வாதி, நாவலாசிரியர். மகன் ஹரோ பாடசாலையில் படித்து, 20 வயதை எட்டும் முன்பே வெளிநாட்டுத் தூதரகச் சேவையில் சேர்ந்தார். ஸ்டொக்ஹோம், ஹேக், மட்ரிட் என்று வேலை செய்தபின், 1823இல் மெக்சிக்கோவின் நிலைமையை ஆராய அனுப்பப்பட்ட குழுவில் இடம்பெற்றார். ஸ்பெயினிடம் இருந்து மெக்சிக்கோ அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தது. 1825இல் பிரித்தானியாவின் பொறுப்புத் தூதராக மீண்டும் அங்கே போனார்.

அது லண்டனில் பணம் பொங்கி வழிந்த காலம். மெக்சிக்கோவின் வெள்ளிச் சுரங்கங்கள் விடுதலைப் போரில் கைவிடப்பட்டு, தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. கோர்ன்வோல் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்த நீராவி என்ஜினைக் கொண்டுபோய் வைத்தால் அடியில் கிடக்கும் வெள்ளி எல்லாம் மேலே வந்துவிடும் என்று சொல்லிக் கம்பனிகள் முளைத்தன. இன்றைய சொல்லில் சொன்னால் அவை ஸ்டார்ட்அப்கள். பழைய சிக்கல், புதிய இயந்திரம், அழகான அச்சில் ஒரு விளக்கப் புத்தகம், அவசரமாக வாங்கப்படும் பங்குகள். பிற்காலத்தில் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி அப்போது 20 வயது இளைஞர். இந்தக் கம்பனிகளைத் தூக்கிப்பிடித்துச் சிறு நூல்கள் எழுதினார், தானும் பங்குகளில் இறங்கிப் பெரும் கடனாளியானார்.

அவற்றில் பெரியது ரியல் டெல் மொன்டே கம்பனி. 1825இல் கோர்ன்வோல் தொழிலாளர்களும் ஏறத்தாழ 1,500 தொன் இயந்திரங்களும் கப்பல்களில் வெராகுரூஸ் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. துறைமுகத்தைக் காவல் செய்த கோட்டை இன்னமும் ஸ்பானியர் கையில் இருந்ததால், திறந்த கடற்கரையில் இறக்கவேண்டி வந்தது. மஞ்சள் காய்ச்சல் பருவம். இறக்கி முடிப்பதற்குள் பல தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆங்கிலேயர் மட்டுமல்ல, மெக்சிக்கர்களும் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் கோவேறு கழுதைகளையும் வண்டிகளையும் கொண்டு என்ஜின்களை மலைக்கு இழுத்துப் போகும்போது 1826 பிறந்துவிட்டது.

வார்ட் தூதரக நாற்காலியில் இருந்துகொண்டு இதைப் பார்க்கவில்லை. மனைவி எமிலியையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சுரங்கப் பகுதிகளைக் கால்நடையாகவும் குதிரையிலும் சுற்றிப் பார்த்தார். எமிலி படங்கள் வரைந்தார். ஒவ்வொரு கம்பனியும் எந்தச் சுரங்கத்தை எடுத்தது, எவ்வளவு செலவழித்தது, என்ன கிடைக்கக்கூடும் என்று வார்ட் குறித்து வைத்தார். 1828இல் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய மெக்சிக்கோ நூலின் பெரும் பகுதி இந்தக் கணக்குத்தான். பங்கு வாங்கியவர்களும் வாங்க நினைத்தவர்களும் அதைத் தேடிப் படித்தார்கள்.

அவருடைய முடிவு நம்பிக்கையானது. பழைய ஸ்பானியக் காலத்து உற்பத்திப் பதிவுகளைப் பார்த்தார். நிலத்துக்கு அடியில் வெள்ளி இருக்கிறது. இறைக்க என்ஜின் இருக்கிறது. பொறுமையாக இருந்தால் பலன் வரும்.

அடியில் வெள்ளி இருந்தது உண்மைதான். ஆனால் ரியல் டெல் மொன்டே கம்பனி ஏறக்குறைய 50 இலட்சம் பெசோ நட்டத்தோடு 1849இல் கையை விரித்தது. மெக்சிக்கர்களின் கம்பனி ஒன்று மிகக் குறைந்த விலைக்கு அதை வாங்கியது. வாங்கிச் சில வருடங்களுக்குள் செழிப்பான வெள்ளிப் படலம் அகப்பட்டது. ஆங்கிலேயர் கொண்டுவந்த என்ஜின்கள், அவர்கள் போட்ட பாதை, அவர்கள் வெட்டிய வடிகால் எல்லாம் புதியவர்களுக்குப் பயன்பட்டன. தொழில்நுட்பம் தோற்கவில்லை. முதலில் பணம் போட்டவர்கள் தோற்றார்கள். ஒரு பொருள் நல்லதா என்பதும், அதில் இப்போது, இந்த விலைக்கு, நான் பணம் போடலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை எனக்கு விளங்கப்படுத்தியது இந்தச் சுரங்கம்தான்.

செஃபலோனியாவின் தூக்குமரங்கள்

இங்கிலாந்து திரும்பிய வார்ட் 1832இல் பாராளுமன்றம் போனார். முதலில் செயின்ட் ஒல்பன்ஸ், பிறகு ஷெஃபீல்ட். தாராளவாதிகளில் முற்போக்கானவர் என்று பெயர் எடுத்தார். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று போராடினார். அயர்லாந்தின் பெரும்பான்மைக் கத்தோலிக்கரிடம் இருந்து பணம் திரட்டி வாழ்ந்த அங்கிலிக்கன் திருச்சபையின் சொத்துகளைக் குறைக்கவேண்டும் என்று 1834இல் அவர் கொண்டுவந்த பிரேரணை அமைச்சரவையையே பிளந்தது.

அதே மனிதர் 1849இல் அயோனியத் தீவுகளுக்கு உயர் ஆணையாளராகப் போனார். இன்று கிரேக்கத்தில் இருக்கும் அந்தத் தீவுகள் அப்போது பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தன. போன சில மாதங்களில் செஃபலோனியாத் தீவில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். வார்ட் இராணுவச் சட்டத்தைப் போட்டார். 21 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பலர் கசையடி வாங்கினார்கள். லண்டனில் கேள்விகள் எழுந்தன, ஆனால் அவருடைய பதவி போகவில்லை. ஆறு வருடம் இருந்துவிட்டு, அங்கிருந்து நேரே இலங்கை வந்தார்.

இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பாராளுமன்றத்தில் உரிமை பேசிய ஒருவர், தன் ஆட்சிக்குக் கீழே ஒரு தீவு எழுந்தபோது வேறு ஆளாக மாறியது எங்களுக்குப் புதிய செய்தியும் அல்ல. இலங்கையும் அப்போது அதே மாதிரியான காயத்தோடுதான் இருந்தது. 1848இல் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தால் நசுக்கினார், அதனால் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த அண்டர்சனுக்கு அடுத்தவர்தான் வார்ட்.

ஆளைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தீட்டிவிட முடியவில்லை. இலங்கைக்கு வந்த அதே வார்ட் கிராமத்து விவசாயியைப் பற்றி யோசித்தார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம், நெல்வயலுக்குத் தண்ணீர் பகிரும் பழைய வழக்கங்களைக் கிராமத்தவர்களே கூடித் தீர்மானிக்க இடம் கொடுத்தது. கிழக்கில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவருடைய காலத்தில் திருத்தப்பட்டன. மட்டக்களப்புப் பக்கத்து வயல்காரர்களுக்கு அவர் ஒரு தூக்குமரத்தின் பெயர் அல்ல, ஒரு குளத்தின் பெயர்.

மலையேறும் கம்பனி

கண்டிக்கு ரயில் விடுவதற்கென்று 1845இலேயே லண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி தொடங்கப்பட்டுவிட்டது. தலைவர் பிலிப் அன்ஸ்ட்ரதர், முன்னர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். உள்ளே இருந்தவர் வெளியே வந்து, அரசாங்கத்தோடு ஒப்பந்தம் தேடும் கம்பனி நடத்துவது அன்றும் இருந்தது.

கம்பனியின் வாதம் பலமானது. மலைநாட்டில் கோப்பி விளைகிறது. அதைக் கொழும்புக்கு இறக்க மாட்டுவண்டிதான் வழி. கடுகண்ணாவைக் கணவாய் ஊடாக ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் போட்ட வீதி, மழைக்காலத்தில் சேறாகிவிடும். நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் மூட்டைகள் வழியில் கிடக்கும். அந்த வீதியைக் கட்டிய கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. இராஜகாரியம் என்ற பெயரில் கூலி இல்லாமல் கல் சுமந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை.

ஆனால் 1847இல் கோப்பி விலை விழுந்தது. கம்பனியின் திட்டம் வருடக்கணக்கில் தூங்கியது. அதை எழுப்பியவர்களில் முக்கியமானவர் வார்ட். வந்தவுடனேயே தோட்டத்துரைமார் ரயில் கேட்டு நெருக்கினார்கள், அவரும் அதை விரும்பினார். பேச்சுகளின் நடுவே, பொறியியலாளர் ஒருவர் தனியாக வந்து பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த ஹென்றி லபூஷேர் 1857இல் ஒருவரை அனுப்பினார்.

வந்தவர் கப்டன் வில்லியம் ஸ்கார்த் மோர்சம். முன்னாள் இராணுவ அதிகாரி. ஏற்றங்களில் ரயில் விடுவதில் துணிந்தவர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம்–குளொஸ்டர் பாதையில், 37 அடிக்கு ஒரு அடி என்ற லிக்கி ஏற்றத்தைப் போட்டவர் அவர்தான். அந்தச் சரிவில் என்ஜின் ஏறாது என்று பெரிய பொறியியலாளர்கள் சொன்னபோது, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த நொரிஸ் கம்பனியின் என்ஜின்களை வாங்கி ஓடவிட்டார். ஒரு விடயத்தை ஆராய அனுப்பும் ஆளின் சொந்த விருப்பமும் அறிக்கையில் கலக்கும் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

மோர்சம் ஆறு வழிகளை ஒப்பிட்டார். மே மாதத்திலேயே அறிக்கை கையில் வந்துவிட்டது. மூன்றாவது வழியைப் பரிந்துரைத்தார். சரிவு 60 அடிக்கு ஒரு அடி. குறுகிய ஒரு சுரங்கப்பாதை. செலவு 8,56,557 பவுண்.

அந்தத் தொகையைப் பாருங்கள். கடைசி ஏழு பவுண் வரை எண்ணியிருக்கிறார்கள். இந்த மாதிரித் துல்லியம் வாசிக்கிறவரை மயக்கும். காடு மூடிய மலையைச் சில மாதங்களில் பார்த்து, கடைசி இலக்கம் வரை எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் எண்ணைக் கண்டதும் சந்தேகம் குறைந்துவிடுகிறது.

1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி கொழும்பில் வார்ட் முதல் மண்ணை வெட்டினார். கம்பனியின் பொறியியலாளர் வில்லியம் தோமஸ் டொயின், கிரைமியா யுத்தத்தில் இராணுவத்துக்கு வேலை செய்து பெயர் பெற்றவர். அவர் வழியை ஒழுங்காக அளந்து பார்த்தபோது உண்மையான செலவு பழைய மதிப்பீட்டின் இரண்டு மடங்கையும் தாண்டியது. பாதை 60க்கு ஒன்று என்ற சரிவிலும் நிற்கவில்லை. கடைசியில் கட்டப்பட்டது 45க்கு ஒன்று.

வார்ட் அந்த முடிவைப் பார்க்க இருக்கவில்லை. 1860இல் அவரைச் சென்னை மாகாண ஆளுநராக மாற்றினார்கள். ஜூலை 5ஆம் திகதி பதவியேற்றார். ஓகஸ்ட் 2ஆம் திகதி கொலராவில் இறந்தார். முதல் மண் வெட்டி இரண்டு வருடம் ஆக ஒரு நாள் பாக்கி. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். மெக்சிக்கோவின் மஞ்சள் காய்ச்சலுக்குத் தப்பியவர், இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் புறப்பட்டுவந்த அதே தமிழ்க் கரையில், அவர்களை வழிநெடுகக் கொன்ற அதே நோயில் போனார்.

நட்டம் யார் தலையில்

1861இல் கம்பனியுடனான ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். பங்குதாரர்கள் போட்ட மூலதனம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்து இந்திய ரயில்வேக் கம்பனிகளைப் போலவே இதற்கும் அரசாங்க உத்தரவாதம் இருந்தது. பாதை ஓடினால் இலாபம் பங்குதாரருக்கு, ஓடாவிட்டால் சுமை இலங்கைத் திறைசேரிக்கு. திறைசேரி என்றால் கோப்பி வரி மட்டுமல்ல, உப்பு வரியும் நெல் வரியும்தான். லண்டனில் பங்கு வாங்கியவர் தூங்கலாம். ரயிலையே காணாத வன்னி விவசாயியும் உப்பு வாங்கும்போது அதற்குக் காசு கட்டினார்.

பிறகு அரசாங்கமே வேலையை எடுத்தது. 1862 முடிவில் வில்லியம் பிரெட்ரிக் ஃபவியல் என்ற ஒப்பந்தக்காரரின் விலைமனுவை ஏற்றது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடிய பம்பாய்–தாணே பாதை வேலையிலும், பிறகு போர் மலைத்தொடர் ஏற்றத்திலும் ஈடுபட்டவர். போர் மலையில் கூலி பிந்தியதால் 1859இல் தொழிலாளர் கலகம் செய்ததும் அவருடைய வேலைத்தளத்தில்தான். செய்து காட்டியவர் என்ற தகுதி அவருக்கு இருந்தது. எப்படிச் செய்தார் என்பதும் பதிவில் இருந்தது.

1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் ரயில் ஓடியது. 1867இல் பாதை கடுகண்ணாவை ஏறிக் கண்டியை அடைந்தது. ரம்புக்கனைக்கு மேலே உள்ள காடு காய்ச்சலுக்குப் பெயர்போனது. பாறையில் தொங்கி வெடி வைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பலகையிலும் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்கென்று மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்த தமிழகத் தொழிலாளர்களுக்கும் அப்படித்தான். அந்த வருகையை ஒழுங்குபடுத்த 1858இல் வார்ட்டின் நிர்வாகம் சட்டம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் தோட்டத்துக்கு ஆள் வரவேண்டும் என்பதே அதன் முதல் கவலை. ரயிலின் வரவுசெலவில் கோப்பி மூட்டைக்கு ஒரு நிரல் இருந்தது. அந்த மூட்டையை நிரப்பியவர்களுக்கு நிரல் இல்லை. பிற்காலத்தில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை மொத்தமாகவே கணக்கில் இருந்து வெட்டியது.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. ரயில் கண்டியை அடைந்து இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. முழுத் திட்டமும் எந்த ஒரு சரக்கை நம்பி எழுந்ததோ அந்தச் சரக்கே போய்விட்டது. ரயில் மட்டும் பிழைத்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அந்த இடத்தை நிரப்பியது. வார்ட்டோ மோர்சமோ தேயிலையைக் கனவிலும் காணவில்லை. கணக்குப் பிழைத்தும் திட்டம் வென்றது. அதைத் தீர்க்கதரிசனம் என்று எழுதிவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் தெரிகிறது.

மறுபடியும் கடுகண்ணாவை வீடு

இவ்வளவையும் வாசித்துவிட்டு இரண்டாம் தடவை அந்தப் பிள்ளைகளிடம் போனபோது என் கேள்விகள் மாறியிருந்தன. முதல் தடவை கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வியந்துகொண்டு வந்திருந்தேன். மேசையில் வைத்துக் காட்டும்போது எல்லாக் கருவியும் வேலை செய்யும். இந்தத் தடவை பழுதானவற்றைக் காட்டச் சொன்னேன். மூவரும் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் பொருத்திய ஆறில் நான்கு திரும்பி வந்திருந்தன. ஒன்றில் எறும்பு. இரண்டு மின்னலில் எரிந்தவை. ஒன்றின் வயரை எலி கடித்திருந்தது.

பெட்டியை மறைக்காமல் காட்டியது அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் அவர்களுடைய ஐந்து வருடக் கணக்கில், ஒரு கருவி பழுதானால் கடுகண்ணாவையில் இருந்து வன்னிக்கு யார் போவது, அந்த பஸ் காசு யாருடையது என்ற வரி இல்லை. வெராகுரூஸ் கடற்கரையில் கிடந்த என்ஜின்கள் நினைவுக்கு வந்தன. வருமானம் மட்டும் மூன்றாம் வருடத்தில் ரூபாய் சதம் வரை எழுதப்பட்டிருந்தது. மோர்சமின் கடைசி ஏழு பவுண்.

மூன்றாம் தடவை பத்திரங்களைப் பார்த்தேன். கம்பனி 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. பதிவாளர் திணைக்களத்தில் பணிப்பாளர்களின் பெயர்கள் சரியாக உள்ளன. ஆனால் சித்தியின் பணத்தை மூவரில் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தார்கள். ஏமாற்றும் நோக்கம் இல்லை, தெரியாமை. வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள கம்பனியில் பங்கு வாங்கும்போது வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் ஊடாகத்தான் அனுப்பவேண்டும். அப்படி அனுப்பினால்தான் நாளைக்கு இலாபத்தையோ முதலையோ திருப்பி எடுத்துப் போக வழி இருக்கும். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் எவ்வளவு பணம், ஊரில் ஒருவரின் பெயருக்குப் போய், பிறகு உறவும் பணமும் சேர்ந்தே முறிந்திருக்கிறது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். இந்த நூதனசாலை திறக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி, யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. 1990இல் நின்ற பாதை. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கர்களுக்குள் போன பாதை. இந்தியக் கடனில் திரும்பப் போட்டார்கள். அந்தக் கடனைப் போடலாமா வேண்டாமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை, கட்டுகிறவர்களில் நாங்களும் அடக்கம். என்றாலும் முதல் ரயிலைப் பார்க்க அம்மா தண்டவாளக் கரையில் நின்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. கணக்கில் ஏறாத நட்டம் போல, கணக்கில் ஏறாத இலாபமும் இருக்கிறது.

இரவு சித்திக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் நேர்மையானவர்கள். கருவி நல்லது, இன்னும் முடியவில்லை. 15,000ஐயும் ஒரேயடியாகப் போடவேண்டாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய 3,000 போதும், அதுவும் வங்கிக் கணக்குச் சரியான பிறகு. அடுத்த போகத்தில் இருபது கருவி வயலில் நின்று, அதில் பதினைந்து தப்பினால் மிச்சத்தை யோசிக்கலாம். கம்பனி மூடினால் யாருக்கு முதலில் பணம் போகும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கவேண்டும். நட்டம் வந்தால் அது அவருடையதாக மட்டும் இருக்கவேண்டும், பிள்ளைகளின் படிப்புக் கடனைத் தொடக்கூடாது.

சித்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் மூன்று தடவை போயும் கேட்காத ஒன்றைக் கேட்டார். அந்தக் கருவியின் சிறு வயர்களை ஒட்டுவது யார் என்றார். பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வரும் இரண்டு பிள்ளைகள் என்றேன். அவர்கள் தேநீர் தந்ததுகூட எனக்கு நினைவிருந்தது. அவர்களுக்கு நாட்சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று சித்தி கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான்காம் தடவையும் கடுகண்ணாவைக்குப் போகவேண்டும்.